தாயின் மாத்திரை, சேயின் சிறுநீரகம்

குழந்தை பிறந்த மறுநாள் காலை பிரசவ வார்டில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. பால் குடிக்கிறதா? ஒன்றுக்குப் போயிற்றா? ஆரோக்கியமான குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் 24 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்துவிடும். 48 மணி நேரத்தைத் தாண்டுபவை அபூர்வம். தாண்டினால் காரணம் தேடத் தொடங்குவார்கள் - உடம்பில் நீர் வற்றிவிட்டதா, பிரசவ நேரத்து மூச்சுத் திணறலில் சிறுநீரகம் அடிபட்டதா, பிறவியிலேயே பாதையில் அடைப்பா. அதிகம் பேர் நினைத்துப் பார்க்காத இன்னொரு காரணமும் உண்டு. கர்ப்ப காலம் முழுவதும் தாய் ஒரு நாள்கூடத் தவறவிடாமல் சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரை.

எல்லா ரத்த அழுத்த மாத்திரைகளையும் இதில் சேர்க்க முடியாது. சம்பந்தப்பட்டவை இரண்டு குடும்பங்கள். ஒன்று, பெயர் ‘ப்ரில்’ என்று முடிபவை - எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில். மற்றது, ‘சார்டன்’ என்று முடிபவை - லோசார்டன், டெல்மிசார்டன், ஓல்மெசார்டன், வால்சார்டன். இதய நிபுணர், சர்க்கரை நோய் நிபுணர், சிறுநீரக நிபுணர் என்று மூன்று துறையினரும் விரும்பி எழுதும் மருந்துகள் இவை. டெல்மிசார்டன் இல்லாத மருந்துக் கடையை இந்தியாவில் பார்ப்பது கடினம். விலை அதிகமில்லை, தொந்தரவு குறைவு, நாளுக்கு ஒன்று போதும். ஆனால் கர்ப்பத்தின் நான்காவது மாதத்துக்குப் பிறகும் இவை தொடர்ந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகம் வேலையை நிறுத்திவிடக்கூடும்.

கருவின் ரத்த அழுத்தம் மிகவும் குறைவு. அந்தக் குறைந்த அழுத்தத்திலேயே ரத்தம் சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் புகுந்து, வடிந்து, சிறுநீராக வேண்டும். இதற்கு உடம்பு ஓர் உபாயம் வைத்திருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் தாழ்ந்து ஓடும்போது விவசாயி கீழ்ப்பக்கம் பலகை போட்டு மறிப்பார். மட்டம் உயர்ந்து பக்கத்து வயலுக்குள் நீர் பாயும். வடிகட்டியை விட்டு ரத்தம் வெளியேறும் நுண்குழாயை இறுக்கிப் பிடித்து இதே வேலையைச் செய்வது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன். ப்ரில்கள் அந்த ஹார்மோன் உருவாவதைத் தடுக்கின்றன. சார்டன்கள் உருவான ஹார்மோன் போய்ச் சேர வேண்டிய இடத்தை அடைத்துவிடுகின்றன. பெரியவர்களுக்கு இதனால் ரத்த அழுத்தம் இறங்குகிறது, நன்மைதான். இரண்டுமே நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகின்றன. அங்கே பலகை பிடுங்கப்பட்டதும் வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் இல்லை.

இதோடு முடிவதில்லை. சிறுநீரகம் சரியாக உருவாவதற்கே இந்த ஹார்மோன் தேவை. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள் - அதாவது வடிகட்டியும் அதைத் தொடரும் சிறுகுழாயும் சேர்ந்த அலகுகள் - இருக்கும். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன. ஏறத்தாழ 36வது வாரத்தில் கணக்கு முடிந்துவிடுகிறது. பிறகு ஆயுள் முழுக்கப் புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை. ஆஞ்சியோடென்சின் கிடைக்காத சிறுநீரகத்தில் சிறுகுழாய்கள் முழுமையாக வளர்வதில்லை. இது மருந்தின் வேலைதானா, தாயின் நோயின் விளைவா என்ற சந்தேகம் முதலில் இருந்தது. அதற்கு இயற்கையே ஒரு சோதனையைச் செய்து காட்டியது. தாய் எந்த மருந்தும் சாப்பிடாமலே சில குடும்பங்களில் இதே கோளாறோடு குழந்தைகள் பிறந்து இறந்தன. 2005ல் அந்தக் குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, இந்த ஹார்மோன் அமைப்பை இயக்கும் மரபணுக்களிலேயே பிழை இருப்பது தெரியவந்தது. மாத்திரை எந்தச் சங்கிலியை அறுக்கிறதோ அதே சங்கிலிதான் அவர்களிடம் பிறவியிலேயே அறுந்திருந்தது.

‘பனிக்குடம் உடைந்துவிட்டது’ என்று பிரசவ நேரத்தில் பரபரப்பாகச் சொல்வார்கள். அழகான சொல். அந்தக் குடத்திலுள்ள நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான் என்பது பலருக்குத் தெரியாது. நான்கைந்து மாதங்களுக்குப் பிறகு பனிக்குட நீரின் அளவைத் தீர்மானிப்பதே குழந்தையின் சிறுநீரகம்தான். மாதம் நிறைந்த குழந்தை ஒரு நாளில் அரை லிட்டருக்கும் அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறது. அது நின்றால் குடம் வற்றும். கருப்பையின் சுவர் குழந்தையை நாலாபுறமும் நெருக்கும். கைகால்கள் மடங்கியபடியே விறைத்துப்போகலாம், முகம் அமுங்கலாம். எல்லாவற்றையும்விட மோசமானது நுரையீரலுக்கு நேர்வது. பனிக்குட நீர் போதிய அளவு இருந்தால்தான் நுரையீரல் விரிந்து வளரும். சிறுநீரகத்தில் தொடங்கிய கோளாறு பல குழந்தைகளைக் கடைசியில் மூச்சுவிட முடியாமல் கொல்கிறது. மண்டை ஓட்டின் எலும்புகள் சரியாக மூடாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு.

பிழைத்துப் பிறக்கும் குழந்தைக்கு வேறு சிக்கல் காத்திருக்கிறது. அதன் ரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்து, வழக்கமான மருந்துகளுக்கு மசியாமல் கிடக்கும். எனலாப்ரில், லிசினோப்ரில் போன்றவை உடம்பை விட்டு வெளியேற வேண்டிய வழி சிறுநீரகம். சிறுநீரகமோ அந்த மருந்தாலேயே முடங்கியிருக்கிறது. எனவே பெரியவர்களின் உடம்பில் ஒரு நாளில் அடங்கிவிடும் மருந்து, பச்சிளங்குழந்தையின் உடம்பில் பல நாட்கள் தங்குகிறது. வயிற்றுக்குள் திரவம் செலுத்தி எடுக்கும் டயாலிசிஸ் மூலம் இதை ஓரளவு வெளியேற்ற முடியும். இரண்டு, மூன்று கிலோ எடையுள்ள குழந்தைக்கு டயாலிசிஸ் செய்யும் வசதியும் கைப்பழக்கமும் எல்லா ஊரிலும் கிடையாது. டெல்மிசார்டனாக இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். அது ரத்தத்திலுள்ள புரதத்தோடு 99 சதவீதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருப்பதால் டயாலிசிஸில் வெளியே வராது. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் மீண்டும் இயங்கத் தொடங்குகிறது. மீண்டவர்களிலும் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து ரத்தக் கொதிப்போ நாள்பட்ட சிறுநீரகக் கோளாறோ வரலாம். அதனால் இவர்களுக்குத் தொடர்ந்து பரிசோதனை தேவைப்படுகிறது.

இவற்றில் எதுவும் இன்று நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்ட சங்கதி அல்ல. இந்த மருந்துகளின் கதை ஒரு பாம்பிலிருந்து தொடங்குகிறது. பிரேசில் நாட்டின் ஜராராகா என்ற விரியனின் விஷத்தில் ரத்த அழுத்தத்தைப் பாதிக்கும் பொருள் இருப்பதை 1960களில் செர்ஜியோ ஃபெரைரா கண்டறிந்தார். அந்த விஷத்தை அவர் லண்டனில் ஜான் வேன் நடத்திவந்த ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கிடைத்த தடயத்தைப் பிடித்து அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மனும் ஓன்டெட்டியும் கேப்டோப்ரிலை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1981ல். அதற்கு முந்தைய ஆண்டே லண்டனின் ‘லான்செட்’ இதழில் ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. சினையாக இருந்த ஆடுகளுக்கும் முயல்களுக்கும் கேப்டோப்ரில் கொடுத்தபோது குட்டிகள் அதிக அளவில் வயிற்றிலேயே இறந்தன. 1981லேயே மனிதக் குழந்தைகளைப் பற்றிய முதல் அறிக்கைகளும் வந்தன - பிறந்தும் சிறுநீர் கழிக்காத குழந்தை ஒன்று, மண்டை ஓடு சரியாக உருவாகாத கரு ஒன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இரண்டாவது, மூன்றாவது மும்மாதங்களில் இந்த மருந்துகளைத் தரக் கூடாது என்று பெட்டியிட்ட எச்சரிக்கை போடச் சொன்னது 1992ல். பதினோரு ஆண்டுகள் என்பது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய துறைக்குக் கொஞ்சம் அதிகம்தான். மூன்று ஆண்டுகள் கழித்து முதல் சார்டனான லோசார்டன் சந்தைக்கு வந்தது. அதனாலும் இதே கேடுதான் என்பது விரைவிலேயே தெரிந்தது.

முதல் மூன்று மாதங்களைப் பற்றி மட்டும் சர்ச்சை நீடித்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சுமார் 29,500 குழந்தைகளின் ஆவணங்களைப் பரிசீலித்து 2006ல் வெளியான ஆய்வு, முதல் மும்மாதத்தில் ப்ரில் மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் கோளாறு 2.7 மடங்கு அதிகம் என்றது. உலகம் முழுவதும் பதற்றம். அந்த ஆய்வில் இப்படிப்பட்ட குழந்தைகள் 209 பேர்தான். பின்னர் 2011ல் கலிஃபோர்னியாவிலிருந்தும், 2017ல் 13 லட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்தும் வந்த ஆய்வுகள் வேறு கதை சொல்லின. தாயின் ரத்தக் கொதிப்பையும் சர்க்கரை நோயையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் மாத்திரையின் மீது சுமத்தப்பட்ட பழி பெருமளவு கரைந்துபோகிறது. நோயே கோளாறுகளுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. திட்டமிடாத கர்ப்பம், ஆறாவது ஏழாவது வாரத்தில்தான் தெரிகிறது, அதுவரை டெல்மிசார்டன் சாப்பிட்டாயிற்று என்று பயந்து வரும் பெண்ணுக்கு இந்தச் செய்தி முக்கியமானது. அந்தச் சில வாரங்களை மட்டும் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. உடனே மாத்திரையை மாற்றி, ஐந்தாவது மாதத்தில் விரிவாக ஸ்கேன் செய்து பார்த்தால் போதும். இன்னும் தாமதமாகத் தெரிந்து, குடத்து நீர் குறையத் தொடங்கிய பிறகு மாத்திரையை நிறுத்தியும் நீர் மறுபடி ஊறிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

மாற்ற வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமான வார்த்தை. இப்படிப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் எறிவது முதல் தவறைவிடப் பெரிய தவறாகிவிடலாம். கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் தாய்க்கு வலிப்பையோ மூளையில் ரத்தக் கசிவையோ கொண்டுவரும். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியலாம். குழந்தையின் சிறுநீரகமும் தப்பாது. வயிற்றில் வளர்ச்சி குன்றி, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு நெஃப்ரான்கள் குறைவாக இருக்கின்றன, பிற்காலத்தில் ரத்தக் கொதிப்புக்கு அது வித்திடுகிறது என்ற கருத்தை அமெரிக்கச் சிறுநீரக நிபுணர் பாரி பிரென்னர் 1988ல் முன்வைத்தார். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் சுமார் 18 சதவீதம் இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் நாட்டில் இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயமல்ல.

மாற்று மருந்துகளுக்குப் பஞ்சமில்லை. லாபெடலால், மெதுவாகக் கரையும் நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகிய மூன்றும் பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படுபவை. மெத்தில்டோபா சாப்பிட்ட பெண்களின் குழந்தைகளை ஆக்ஸ்ஃபோர்டில் ஏழரை வயதுவரை பின்தொடர்ந்து பார்த்து, பாதகமில்லை என்று 1982லேயே எழுதியிருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் லேசான ரத்தக் கொதிப்புக்கு மருந்து தரலாமா, குழந்தையின் வளர்ச்சி பாதிக்கப்படுமா என்ற தயக்கம் டாக்டர்களிடையே வெகுகாலம் இருந்தது. அமெரிக்காவில் 2,408 பெண்களிடம் நடத்தி 2022ல் வெளியிடப்பட்ட ஆய்வு அதைப் போக்கியது. அழுத்தத்தை 140/90க்குக் கீழ் வைத்திருந்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைந்தன. குழந்தைகள் எடை குறைந்து பிறப்பது அதிகரிக்கவில்லை. இந்தியாவில் மெத்தில்டோபா 2022ல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. லாபெடலால் பட்டியலில் இருக்கிறது.

தீங்கு தெரியும், மாற்றும் கையில் இருக்கிறது. பிறகு ஏன் இப்படிப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றன? ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதுபவர் ஒருவர், கர்ப்பத்தைப் பார்ப்பவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவே ஒரு பெண் சில மாதங்கள் தனியாக இருக்கிறாள். அந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது.

ரத்தக் கொதிப்பு வயதானவர்களின் வியாதி என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அதே கணக்கெடுப்பு 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 21 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் அதிகம் அல்லது அதற்கு மருந்து சாப்பிடுகிறார்கள் என்கிறது. இதில் பெரும்பகுதி நடுவயதைத் தாண்டியவர்கள் என்றாலும், முப்பதுகளில் இருப்பவர்களும் கணிசம். படிப்பு, வேலை என்று திருமணமும் முதல் பிரசவமும் தள்ளிப்போகும் நகரங்களில் இந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அரசுத் திட்டங்கள் 30 வயதிலிருந்தே ரத்த அழுத்தத்தைப் பரிசோதிக்கின்றன. 2017ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் ஆரம்பித்துப் பரவியது. 2025 முடிவதற்குள் ரத்தக் கொதிப்போ சர்க்கரை நோயோ உள்ள 7.5 கோடிப் பேருக்கு முறையான சிகிச்சை என்று 2023ல் மத்திய சுகாதார அமைச்சகம் இலக்கு அறிவித்தது. எளிமையான நெறிமுறை, மாதத்துக்கு 30 மாத்திரை, தீர்ந்ததும் அருகிலுள்ள மையத்தில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். பாராட்ட வேண்டிய ஏற்பாடு. பெரும்பாலான மாநிலங்களின் நெறிமுறையில் முதலில் அம்லோடிபின், போதாவிட்டால் டெல்மிசார்டன். கர்ப்பமாகக்கூடிய பெண்களுக்குச் சார்டன்களும் ப்ரில்களும் தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை சொல்கிறது. நெறிமுறைத் தாளில் ஒரு வரியாக இருப்பது, கூட்டம் அலைமோதும் கிளினிக்கில் ஒரு கேள்வியாக மாற வேண்டும்.

தனியார் கிளினிக்கில் நிலைமை இன்னும் தளர்வு. சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்து இது என்பது அட்டையில் சிவப்புக் கோடாக மட்டுமே இருக்கிறது. பழைய அட்டையைக் காட்டினால் புது அட்டை கிடைக்கும். டாக்டரைப் பார்த்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தாலும் மாத்திரை நிற்காது. கூட்டு மாத்திரைகள் குழப்பத்தை அதிகரிக்கின்றன. அம்லோடிபினோடும் நீர் மாத்திரையோடும் டெல்மிசார்டன் சேர்ந்து, வணிகப் பெயருக்குப் பின்னால் ஓரிரு ஆங்கில எழுத்துகளாக வருகிறது. சாப்பிடுபவருக்கு அது வெறும் ‘பி.பி. மாத்திரை’.

அதை பி.பி. மாத்திரை என்றே அறியாதவர்களும் இருக்கிறார்கள். சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்தவர்கள், லூபஸ் போன்ற நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லப்பட்டவர்கள். இவர்களுக்கு ரத்த அழுத்தம் சரியாகவே இருந்தாலும் சிறுநீரகத்தைக் காப்பாற்ற ப்ரில் அல்லது சார்டன் எழுதுவார்கள். ‘பிரஷர் உண்டா?’ என்று மகப்பேறு டாக்டர் கேட்டால் ‘இல்லை’ என்பதுதான் அவர்களின் நேர்மையான பதில். தாயின் சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரையே சேயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்ற முரண் இவர்களிடம்தான் உச்சத்தில் இருக்கிறது. ஏனென்றால் இவர்கள் மருந்தை நினைத்த நேரத்தில் நிறுத்தவும் முடியாது. சிலருக்கு, கர்ப்பம் உறுதியாகும்வரை மாத்திரையைத் தொடர்ந்து, நாள் தள்ளியதும் பரிசோதித்து அன்றே நிறுத்தும்படி டாக்டர்கள் திட்டம் போட்டுத் தருவதுண்டு. அப்படித் திட்டம் போட, டாக்டருக்கு அந்தப் பெண்ணின் எண்ணம் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிட்டனின் வழிகாட்டு நெறி, கர்ப்பம் தெரிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் இந்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு மாற்று தரச் சொல்கிறது. இந்தியாவில் முதல் மும்மாதத்திலேயே பரிசோதனைக்கு வந்துவிடும் கர்ப்பிணிகள் 70 சதவீதம். மீதி 30 சதவீதம் வருவதற்குள் ஆபத்தான காலம் தொடங்கிவிடுகிறது. மாதந்தோறும் 9ஆம் தேதி நடக்கும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்ட முகாமில் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். அழுத்தம் சரியாக இருந்தால் நிம்மதியாக அனுப்பிவிடக் கூடாது, அது எந்த மாத்திரையால் சரியாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி ஆஷா பணியாளர் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, 45 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு மாத்திரை எழுதும் டாக்டரின் பொறுப்பு. குழந்தை பெறும் உத்தேசம் உண்டா என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அம்லோடிபினோடு நின்றுவிடலாம்.

பிரசவம் முடிந்ததும் நிலைமை தலைகீழாகிறது. பால் கொடுக்கும் தாய்க்கு ரத்தக் கொதிப்பு நீடித்தால் பிரிட்டனின் அதே நெறி முதலில் பரிந்துரைப்பது எனலாப்ரிலைத்தான். தாய்ப்பாலில் அது கலப்பது மிகச் சொற்பம். மாதம் நிறைந்து பிறந்த குழந்தையின் சிறுநீரகம் அதைச் சமாளித்துவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஒன்பது மாதம் விலக்கிவைத்த மருந்தை அதே டாக்டர் மறுபடி எழுதும்போது, அடுத்த குழந்தை எப்போது, அதுவரை என்ன கருத்தடை என்பதையும் அதே சீட்டில் எழுதிவிட வேண்டியிருக்கிறது.